மகள் தல்மூத் படிக்கட்டுமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம், பொருளாதாரம் படிக்கிறாள். போன வருஷம் கிரெடிட் குறைகிறதே என்று யூத வரலாற்றில் ஒரு பாடம் எடுத்தாள். இப்போது அதையே இரண்டாவது மேஜராக, அதாவது இன்னொரு முதன்மைப் பாடமாக, படிக்கப்போகிறேன் என்கிறாள். நாங்கள் சைவக் குடும்பம். மதம் மாறிவிடுவாளோ என்று அவள் அப்பாவுக்குப் பயம். எனக்கு வேறு பயம். யூதர் அல்லாத பெண்ணை அந்த வகுப்பில் ஒருத்தியாக நினைப்பார்களா? இதைப் படித்தால் என்ன வேலை? கேம்பஸ்களில் இஸ்ரேல், பாலஸ்தீனம் என்று நடக்கிற சண்டைக்கு நடுவே இது தேவையா? மார்ச் கடைசிக்குள் மேஜரை முடிவு செய்ய வேண்டும். வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளியில் பத்து வருஷம் படித்தவள், தமிழ் நன்றாக வாசிப்பாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது சுலபம். யூத மதம் ஆள் பிடிக்கிற மதம் இல்லை. தானாகச் சேர வருகிறவரிடமே, “எதைக் கண்டு வந்தாய்? இந்த ஜனம் படுகிற பாடு உனக்குத் தெரியாதா?” என்கிற மாதிரி கேட்கச் சொல்கிறது, யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூத். மூன்று முறை திருப்பி அனுப்பிப் பார்க்கும் வழக்கமும் உண்டு. அப்புறம், கல்லூரி வகுப்பு என்பது ஜெப ஆலயம் இல்லை. அங்கே தோராவை, அதாவது மோசேயின் ஐந்து நூல்களை, சாமி புத்தகமாக வைத்துப் படிப்பதில்லை. யார் எழுதினார்கள், எப்போது, எத்தனை கைகள் பட்டிருக்கின்றன என்று பிரித்துப் பார்ப்பார்கள். நான் மாணவர்களுக்குப் பாடத்தேர்வு ஆலோசகராக இருக்கும் இத்தனை வருஷத்தில், இந்தப் பாடத்தால் மதம் மாறிய பிள்ளை யாரும் என் அறைக்கு வந்ததில்லை. மோசேயின் ஐந்து நூல்களும் ஒருவர் எழுதியவை அல்ல என்று முதல் வாரமே கேட்டுவிட்டுக் கலங்கிப்போய் வந்த ஆசாரமான யூதப் பிள்ளைகள்தான் உண்டு. பயப்பட வேண்டியது அவர்களுடைய அப்பாக்கள்.

வெளியாள் பிரச்சினைக்கு வருகிறேன். மிஷ்னா என்பது யூதச் சட்ட மரபின் அடிப்படைத் தொகுப்பு, கி.பி. 200 வாக்கில் வடிவம் பெற்றது. அதை முதன்முதலாக முழுவதும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1933-ல் வெளியிட்டவர் ஹெர்பர்ட் டான்பி என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார். அதற்கும் நானூறு வருஷம் முன்னால், 1506-ல், ஜெர்மானியர்களுக்கு எபிரேய இலக்கணம் எழுதிக்கொடுத்த யோஹான்னஸ் ராய்க்லினும் கிறிஸ்தவர். யூதர்களின் புத்தகங்களையெல்லாம் கொளுத்த வேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியபோது, கூடாது என்று எழுதி வம்பில் மாட்டிக்கொண்டவர். ஆகவே வெளியாட்கள் இந்தத் துறைக்குப் புதிது அல்ல.

சொல்லப்போனால் பல்கலைக்கழகம்தான் இந்தத் துறையை ரொம்ப நாள் வெளியாளாக வைத்திருந்தது. 1818-ல் லியோபோல்ட் சுன்ஸ் என்ற இளைஞர், யூதர்கள் எழுதியது மத நூல் மட்டும் இல்லை, அதில் வானியல், கணிதம், வணிகம் என எல்லாம் இருக்கிறது, இதைக் கிரேக்கம், லத்தீன் மாதிரி ஒரு பாடமாகப் படிக்க வேண்டும் என்று எழுதினார். மறு வருஷம் பெர்லினில் நண்பர்கள் சேர்ந்து அதற்காக ஒரு சங்கமே வைத்தார்கள். பிற்பாடு கவிஞர் ஹைன்ரிச் ஹைனேயும் அதில் சேர்ந்தார். சங்கம் நிலைக்கவில்லை. 1848-ல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு பேராசிரியர் பதவி வேண்டும் என்று சுன்ஸ் விண்ணப்பித்தார். முடியாது என்றுவிட்டார்கள். அமெரிக்காவில் கதவு திறக்க அடுத்த நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. ஹார்வர்டில் 1925-ல் ஹாரி வுல்ஃப்சன், கொலம்பியாவில் 1930-ல் சாலோ பாரோன். பரவலாகப் பல கல்லூரிகளிலும் வந்தது 1960-களுக்குப் பிறகுதான்.

இந்த பாரோன் 1928-ல் ஒரு கட்டுரையில், யூத வரலாற்றை வெறும் கண்ணீர்க் கதையாகவே சொல்லும் பழக்கத்தை விட வேண்டும் என்று வாதாடினார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தை வாசித்தபோது, மகள் மூன்று வருஷம் ஹிட்லரைப் பற்றியே படிக்கப்போகிறாள் என்று நீங்கள் நினைப்பதாக எனக்குப் பட்டது. இனப்படுகொலை பற்றிய பாடம் கட்டாயம் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் அது மூவாயிரம் வருஷத்தில் ஒரு பகுதி. கோர்டோபாவில் பிறந்து எகிப்தில் வைத்தியம் பார்த்த மைமோனிடெஸ் தன் தத்துவ நூலை அரபு மொழியில், எபிரேய எழுத்தில் எழுதினார். தத்துவவாதி ஸ்பினோசாவை ஆம்ஸ்டர்டாம் யூதர்கள் 1656-ல் ஊர்விலக்கம் செய்தார்கள். கிழக்கு ஐரோப்பாவின் இத்திஷ் மொழியில் நாடகம், செய்தித்தாள், தொழிற்சங்கம் எல்லாம் நடந்தன. இவை அத்தனையும் பாடத்திட்டத்தில் வரும்.

ஆனால் உங்கள் மகள் பொருளாதாரம் படிக்கிறவள் ஆயிற்றே, அவளுக்கு வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்களும் கேளுங்கள்.

இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். ஒருவன் “முழுதும் என்னுடையது” என்கிறான். மற்றவன் “பாதி என்னுடையது” என்கிறான். எப்படிப் பிரிப்பது? மிஷ்னா சொல்லும் தீர்ப்பு: முதல்வனுக்கு முக்கால், இரண்டாமவனுக்குக் கால். காரணம் எளிது. பாதி கேட்கிறவன் மறுபாதி தன்னுடையது இல்லை என்று ஒத்துக்கொண்டுவிட்டான். அந்தப் பாதியில் தகராறே இல்லை. தகராறு மீதிப் பாதியில் மட்டும்தான். அதைச் சமமாக வெட்டு.

இன்னொரு இடத்தில் இன்னொரு வழக்கு. ஒருவன் மூன்று மனைவிகளை விட்டுவிட்டுச் செத்துப்போகிறான். திருமண ஒப்பந்தப்படி ஒருத்திக்கு 100, ஒருத்திக்கு 200, ஒருத்திக்கு 300 தர வேண்டும். சொத்து போதவில்லை. சொத்து 100-தான் என்றால் மூவரும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்கிறது மிஷ்னா. 300 இருந்தால் 50, 100, 150. அதாவது கடன் விகிதப்படி. சரி, இரண்டுமே நியாயம்தான் என்று தோன்றும். ஆனால் 200 இருந்தால்? 50, 75, 75. இது சமமும் இல்லை, விகிதமும் இல்லை. தல்மூத்தில் மிஷ்னாவை விவாதிக்கும் பாபிலோனிய அறிஞர்களே இதற்கு நேரான விளக்கம் கிடைக்காமல் திணறினார்கள். ஏட்டில் ஏதோ பிழை என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

1985-ல் ராபர்ட் ஆமன், மைக்கேல் மாஷ்லர் என்ற இரண்டு கணிதவியலர்கள் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். சூத்திரம் அந்தத் துணி வழக்கில்தான் இருக்கிறது. எந்த இரண்டு மனைவிகளை எடுத்துக்கொண்டாலும், அவர்கள் இருவருக்கும் சேர்ந்து வந்த தொகை துணியைப் பிரித்த அதே முறையில் பிரிந்திருக்கிறது. போட்டுப் பாருங்கள்: 100-காரிக்கும் 200-காரிக்கும் சேர்ந்து 125. முதல் பெண் 100-தான் கேட்கிறாள், ஆக 25 தகராறு இல்லாமல் இரண்டாமவளுக்குப் போகிறது. மீதி 100-ஐப் பாதி பாதி ஆக்கினால் 50, 75. மூன்று வரிசைக்கும் இது பொருந்துகிறது. ஆமனுக்கு 2005-ல் பொருளாதார நோபல் கிடைத்தது (இதற்காக இல்லை, இது ஒரு ஓரத்துக் கட்டுரை). இந்த வழக்கின் பக்கம் அவரைத் திருப்பிவிட்டவர் தல்மூத் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகன். அந்த மகன் 1982-ல் லெபனான் போரில் இறந்துபோனார். கட்டுரை அவர் நினைவுக்குத்தான் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது.

பொருளாதாரமும் தல்மூத்தும் ஒட்டாத இரண்டு பாடங்கள் என்று இனி யாராவது உங்களிடம் சொன்னால் இந்த மூன்று மனைவிகளைச் சொல்லி அனுப்புங்கள்.

தல்மூத் ஏட்டை நீங்கள் பார்த்ததில்லை என்றால் ஒருமுறை இணையத்தில் பாருங்கள். நடுவில் மிஷ்னாவும் அதன் மேலான விவாதமும். உள்ளோரத்தில் ராஷி என்ற 11-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு உரையாசிரியர். வெளியோரத்தில் அவருடைய பேரன்மார்களும் அவர்கள் வழிவந்தவர்களும், பெரும்பாலும் தாத்தாவோடு சண்டை. நிறுத்தற்குறி கிடையாது, உயிர்க்குறி கிடையாது. திருக்குறளுக்குப் பரிமேலழகரும் மணக்குடவரும் ஒரே பக்கத்தில் மல்லுக்கு நிற்பதை மனசில் கொண்டுவாருங்கள், ஏறத்தாழ அதுதான். உரை மரபில் வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தெரியாது. மரபுப்படி இதைத் தனியாகப் படிப்பதும் இல்லை. இருவர் இருவராக உட்கார்ந்து, சத்தமாக வாசித்து, ஒருவர் சொன்னதை மற்றவர் உடைக்க வேண்டும். ஹவ்ருதா என்பார்கள். பல கல்லூரி வகுப்புகளிலும் அப்படித்தான் நடத்துகிறார்கள். லீவுக்கு வந்தால் வீட்டிலும் எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி போடுவாள். தயாராக இருங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். மேஜராக எடுக்கலாமா வேண்டாமா என்பதை நான் ஒரே ஒரு கேள்வியில் முடிவு செய்வேன்: மொழி படிக்கத் தயாரா?

இதை ஒரு தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே பாடத்தை விரும்பிய ஒரு மாணவி வந்தாள். மொழிப் பாடம் கஷ்டம், மதிப்பெண் குறையும், மொழிபெயர்ப்பில் படிக்கிற பாடங்களாகவே எடுத்து மேஜரை முடித்துவிடலாம் என்று அவள் கேட்டாள். விதியில் இடம் இருந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். நல்ல மதிப்பெண்ணோடு முடித்தாள். மேல்படிப்புக்கு விண்ணப்பித்த இடமெல்லாம் ஒரே பதில்: எபிரேயம் இல்லையே. அப்புறம் இரண்டு வருஷம் தன் செலவில் மொழி படித்தாள். என்னை அவள் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்து எனக்கு மறக்கவில்லை.

எபிரேயம் பயமுறுத்துகிற மொழி இல்லை. 22 எழுத்துகள், வலமிருந்து இடம். பெரும்பாலான சொற்களுக்கு மூன்று மெய்யெழுத்துகள்தான் வேர். அதற்குள் உயிரை மாற்றி மாற்றிப் போட்டால் புதுச் சொற்கள் வரும். செஃபெர் என்றால் புத்தகம், சோஃபெர் எழுத்தர், சிப்பூர் கதை, மிஸ்பார் எண், சிஃப்ரியா நூலகம். எல்லாம் ஒரே வேர். பகுதி, விகுதி என்று பிரித்துப் பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு இது விளையாட்டு மாதிரி.

கல்லூரியில் பைபிள் எபிரேயம், நவீன எபிரேயம் என்று இரண்டு வகுப்பு இருக்கும். நவீன எபிரேயத்தில் தொடங்கச் சொல்லுங்கள். பழையதில் தொடங்குவதே முறை என்று வாதிடும் பேராசிரியர்கள் உண்டு, நான் ஒத்துக்கொள்வதில்லை. பேசிப் பழகிய மொழிதான் கையில் தங்கும்; தவிரவும் இந்தத் துறையின் ஆய்வுக் கட்டுரைகளில் கணிசமான பங்கு நவீன எபிரேயத்தில் வருகிறது. இரண்டு வருஷம் முடித்துவிட்டால் பைபிளை அகராதியோடு வாசிக்கலாம். தல்மூத் விவாதங்களுக்கு அரமேயமும் வேண்டும், ஆனால் அது எபிரேயத்தின் ஒன்றுவிட்ட தங்கை. பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

துறையிலும் விசாரிக்கச் சொல்லுங்கள். சில இடங்களில் யூதவியல் என்பது பெயர்ப்பலகை மட்டும். வரலாற்றுத் துறையில் ஒன்று, ஆங்கிலத் துறையில் ஒன்று, சினிமா பற்றி ஒன்று என்று பொறுக்கிச் சேர்த்து மேஜர் ஆக்கியிருப்பார்கள். மூல மொழியில் நூலை வாசிக்கிற வகுப்பு வருஷத்துக்கு எத்தனை நடக்கிறது, கடைசியாக எப்போது நடந்தது என்று நேரடியாகக் கேட்கட்டும். ஒன்றுமில்லை என்றால் மேஜர் வேண்டாம், மைனர் (துணைப்பாடம்) போதும்.

வேலையைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். இதை மட்டும் படித்து முனைவர் பட்டம், பேராசிரியர் பதவி என்று போகிற பாதை குறுகலானது, இன்னும் குறுகிக்கொண்டும் இருக்கிறது. பொருளாதாரம் கூட இருப்பதால்தான் நான் நிம்மதியாகப் பேசுகிறேன். அதைக் கைவிடச் சம்மதிக்காதீர்கள், இந்த இடத்தில் நான் உங்கள் கட்சி. நான் அனுப்பிவைத்த பிள்ளைகள் சட்டக் கல்லூரிக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் போயிருக்கிறார்கள். ஒருவன் வங்கியில் ஒப்பந்தங்களில் ஓட்டை தேடும் வேலையில் இருக்கிறான், தல்மூத்தில் செய்ததையே செய்கிறேன், சம்பளம்தான் கூட என்று சிரிப்பான். இன்னொரு விஷயம், இந்தத் துறைக்கு நன்கொடையாளர்கள் தாராளம். கோடை மொழிப் பயிற்சிக்கும் ஆய்வுப் பயணத்துக்கும் பல கல்லூரிகளில் உதவித்தொகை இருக்கும், யூதராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்காது. கேட்காத பிள்ளைக்குக் கிடைக்காது.

கேம்பஸ் சண்டை. 2023 அக்டோபருக்குப் பிறகு இது சாதாரணப் பாடமாக இல்லை என்பது உண்மை. யூதவியல் வேறு, இஸ்ரேல் அரசியல் வேறு என்று நான் இங்கே உட்கார்ந்து சொல்லலாம். உணவுக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவர் அப்படிப் பிரித்துப் பார்க்க மாட்டார். நீ எந்தப் பக்கம் என்று இரண்டு தரப்பிலிருந்தும் கேட்பார்கள். யூதர் அல்லாதவள், அரபியர் அல்லாதவள் என்பதால் விட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம், சில சமயம் அவளைத்தான் நடுவராக நிறுத்தப் பார்ப்பார்கள். இதற்கு நான் பார்க்கிற அடையாளம் ஒன்றுதான். 1948-ஐ நடத்துகிற பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். இஸ்ரேல் உருவானதை எழுதியவர்களும் பாலஸ்தீனர்கள் வீடிழந்ததை எழுதியவர்களும் அந்த வாசிப்புப் பட்டியலில் சேர்ந்து இருக்கிறார்களா? இருந்தால் அந்த ஆசிரியர் வகுப்பைக் கட்டிக்காப்பார். ஒரு தரப்பு மட்டும் இருந்தால், அது எந்தத் தரப்பாக இருந்தாலும், அந்த வகுப்பைத் தவிர்க்கச் சொல்வேன்.

தமிழ் வாசிப்பாள் என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை நான் முதல் வரியாக வைத்திருப்பேன். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னர் பாஸ்கர ரவி, யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையைச் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தார். பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம் என்று 72 உரிமைகள். (பாவாடை என்றால் நடந்துவர விரிக்கிற துணி.) எழுத்து வட்டெழுத்து. மொழி பழைய மலையாளமா, மேற்குக் கடற்கரைத் தமிழா என்று இன்னும் பேசுகிறார்கள். நீங்களே வாசித்தால் பாதி புரியும். அதற்கும் முந்தைய 849-ஆம் வருஷக் கொல்லம் செப்பேட்டில் சாட்சிக் கையெழுத்துகளில் சில எபிரேய எழுத்தில், பாரசீக மொழியில் இருக்கின்றன. இரண்டு பக்கமும் வாசிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது. எபிரேய எழுத்து உள்ள தாளைத் தூக்கி எறியக்கூடாது என்பதற்காகக் கெய்ரோவின் பழைய ஜெப ஆலயம் ஒன்றில் நூற்றாண்டுக்கணக்காக ஓர் அறையில் போட்டு வைத்தார்கள், ஜெனிசா என்று பெயர். 1896-97-ல் சாலமன் ஷெக்டர் அங்கே போய் அள்ளிக்கொண்டு வந்த தாள்கள் மட்டும் கேம்பிரிட்ஜில் ஒரு லட்சத்து தொண்ணூறாயிரத்துக்கு மேல். மைமோனிடெஸின் கையெழுத்தே அதில் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் பித்தளைப் பட்டறை வைத்திருந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற துனீசிய வியாபாரிக்கு வந்த கடிதங்களும் உண்டு: எவ்வளவு மிளகு, எவ்வளவு பாக்கு, கப்பல் முழுகியதில் யாருக்கு எவ்வளவு நஷ்டம். இதையெல்லாம் ஆராய்கிற ஆய்வுக்கூடம் பிரின்ஸ்டனில் இருக்கிறது, அதன் தரவுத்தளத்தை வீட்டிலிருந்தே யாரும் திறந்து பார்க்கலாம். பொருளாதாரம், எபிரேயம், இந்தியக் கடற்கரை மூன்றும் ஒரே கடிதத்தில் கிடைக்கிற இடம் இது. ஒரு சாயங்காலம் அவளோடு உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். அவள் அப்பாவையும் கூப்பிடுங்கள்.

மார்ச்சில் செய்ய வேண்டியது இதுதான். இரண்டாவது மேஜரை இப்போதே எழுதிக் கொடுக்க அவசியம் இருக்கிறதா என்று கல்லூரியில் கேட்கட்டும். பல இடங்களில் முதல் மேஜரை மட்டும் சொன்னால் போதும், இரண்டாவதை மூன்றாம் வருஷத்தில்கூடச் சேர்க்கலாம். அப்படியானால் இப்போதைக்குப் பொருளாதாரத்தை மட்டும் பதிந்துவிட்டு, அடுத்த செமஸ்டருக்கு எபிரேயம் முதல் நிலையில் இடம் பிடிக்கட்டும். வாரத்துக்கு நாலைந்து நாள், காலையிலேயே வைத்திருப்பார்கள். டிசம்பர் வரை எழுந்து போகிறாளா என்று பாருங்கள். போனால் ஜனவரியில் அந்தத் துறையின் பாடப்பட்டியலை எனக்கு அனுப்புங்கள், எந்த வகுப்பு முதலில் எடுக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.